ஜூலையில் பையன்கள் போய்விடுவார்கள்: அமெரிக்காவில் ஒரு சின்னக் கால்பந்துக் கிளப்பின் முதல் மூன்று வருடங்களை நடத்துவது எப்படி

சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த இரவு, துணிக்கூடையோடு உடைமாற்றும் அறை வாசலில் நிற்பது என் வேலை. பையன்கள் ஒவ்வொருவராக வந்து ஜெர்சியைப் போட்டுவிட்டுப் போவார்கள். நான் எண்ணைப் பார்த்துத் தாளில் குறிப்பேன். 2017 ஜூலையில் எங்கள் முதல் சீசன் முடிந்தபோது 26 ஜெர்சி திரும்பியிருக்க வேண்டும், 24 வந்தது. அவற்றை வீட்டு பேஸ்மென்ட்டில் இரண்டு தவணையாகத் துவைத்துக் காயப்போடும்போதுதான் எனக்கு உறைத்தது. இவற்றைப் போட்டு ஆடியவர்களில் பாதிப் பேர் அந்நேரம் இண்டியானாவுக்கும் ஒஹையோவுக்கும் காரோட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மே மாதம் யார் திரும்புவார்கள் என்பது எங்கள் கோச்சுக்கே தெரியாது.

மிச்சிகனில் ஒரு நடுத்தர ஊர். ஐந்து பேர் சேர்ந்து தொடங்கினோம். பகலில் எனக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. கிளப்பில் கணக்கும் கேட் வசூலும் என் பொறுப்பு. பக்கத்து மாநிலத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் கூப்பிட்டு, "அண்ணா, எங்க ஊர்லயும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். முதல்ல என்ன செய்யணும்? கோச்சைப் பிடிக்கவா?" என்று கேட்டார். "கோச்சை விடுங்க தம்பி, மைதானத்தைப் பிடிங்க" என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நம் படியில் அணி வருடாவருடம் கலையும். கலையாமல் நிற்பவை இரண்டுதான்: மைதானம், அதன் கேலரியில் வந்து உட்காரும் ஆட்கள். முதல் மூன்று வருடங்களில் கையிலிருக்கும் பணத்தையும் தூக்கத்தையும் அந்த இரண்டுக்கும் செலவிடுங்கள்.

எந்தப் படியில் நிற்கிறோம்

அமெரிக்காவில் கோப்பையை ஜெயித்தால் மேல் லீகுக்குப் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. அப்படி இல்லை. நாட்டின் முதல்நிலை லீகான எம்எல்எஸ் 1996இல் தொடங்கியதிலிருந்தே மூடிய லீக். இடத்தைப் பணம் கட்டி வாங்கவேண்டும். அதற்குக் கீழே யுஎஸ்எல் சாம்பியன்ஷிப் இரண்டாம் நிலை. யுஎஸ்எல் லீக் ஒன்னும் எம்எல்எஸ் நெக்ஸ்ட் புரோவும் மூன்றாம் நிலை. இவையெல்லாம் தொழில்முறை லீகுகள். மூன்றாம் நிலைக்கே அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் வைத்த விதி என்ன தெரியுமா? முதன்மை உரிமையாளரின் நிகர சொத்து 1 கோடி டாலராவது இருக்கவேண்டும், கிளப்பில் 35 சதவீதமாவது அவர் கையில் இருக்கவேண்டும். 2025 மார்ச்சில் யுஎஸ்எல் உரிமையாளர்கள் தங்கள் தொழில்முறை லீகுகளுக்குள் ஏற்ற இறக்க முறையை, அதாவது ஜெயிக்கும் அணி மேல் லீகுக்கு ஏறி, தோற்கும் அணி கீழே இறங்கும் முறையைக் கொண்டுவர வாக்களித்தார்கள். நல்ல செய்திதான், ஆனால் முதல் வருடக் கிளப்பின் வாசலுக்கு அது வருவதில்லை.

நம்மைப் போன்றவர்களுக்கு அமெச்சூர் லீகுகள்தான்: 2003இல் தொடங்கிய என்பிஎஸ்எல், முன்பு பிடிஎல் என்ற பெயரில் இருந்து 2019இல் பெயர் மாறிய யுஎஸ்எல் லீக் டூ, 2011இல் தொடங்கிய யுபிஎஸ்எல், இன்னும் சில வட்டார லீகுகள். என்பிஎஸ்எல், லீக் டூ இரண்டிலும் சீசன் மே முதல் ஜூலை வரை. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஆகஸ்டில் அவர்களுக்குக் கல்லூரிப் பயிற்சி தொடங்கிவிடும். ஜூலையில் அணி கலைவதற்கு அதுதான் காரணம். அது யாருடைய குற்றமும் அல்ல.

லீகைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல் சொல்கிறேன். வரைபடத்தை விரித்து, உங்கள் பிரிவில் இருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் எத்தனை மைல் என்று எழுதுங்கள். ஒரே நாளில் போய் ஆடித் திரும்ப முடியாத ஊர் இரண்டுக்கு மேல் இருந்தால் அந்த லீக் வேண்டாம். ராத்தங்கல் என்று வந்தால் 18 வீரர்கள், கோச், உதவியாளர், உடற்பயிற்சியாளர் எல்லோருக்கும் அறை வேண்டும், மறுநாள் காலைச் சாப்பாடு வேண்டும். எங்களுக்கு வந்த லீக் அழைப்பு இரண்டில், பெயரும் பகட்டும் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தோம். அதில் மிகத் தொலைவான ஊர் நான்கு மணி நேரம். சேர்வதற்கான கட்டணம், வருடக் கட்டணம், காப்பீடு, நடுவர் செலவு, அபராதம் ஒவ்வொன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காகித வேலை

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் செய்யும்போது வேகம் கூடாது.

லாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவதா, எல்எல்சி என்ற தனியார் நிறுவனமாகப் பதிவதா என்பது முதல் முடிவு. லாபநோக்கற்ற அமைப்புக்கு வருமான வரித்துறை கொடுக்கும் 501சி3 தகுதியை வாங்கினால் நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை உண்டு. ஆனால் பின்னாளில் பங்கு விற்க முடியாது, ஏனென்றால் அதற்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. நாங்கள் லாபநோக்கற்ற வழியில் போனோம். வருட வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்றால் வருமான வரித்துறையின் 1023-இசட் என்ற சுருக்கப் படிவம் பெரும்பாலும் போதும். அதன்பிறகு வருடம் ஒருமுறை 990-என் என்ற சிறு படிவத்தை இணையத்தில் நிரப்பவேண்டும். பத்து நிமிட வேலைதான். தொடர்ந்து மூன்று வருடம் விட்டுவிட்டால் தகுதி தானாகவே ரத்தாகிவிடும். கணக்குப் பார்ப்பவர் மாறும்போதுதான் இது கைநழுவும். நான் அந்தத் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் எழுதிவைத்திருக்கிறேன்.

வங்கிக் கணக்கில் இரண்டு கையெழுத்து வேண்டும், ஐந்து நண்பர்களும் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும். மாநில வயதுவந்தோர் கால்பந்துச் சங்கத்தில் வீரர்களைப் பதிய வேண்டும். அணியில் 16, 17 வயதுப் பையன்கள் இருந்தால் அவர்களோடு பழகும் பெரியவர்கள் எல்லோரும் சேஃப்ஸ்போர்ட் என்ற சிறார் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அதில் யாருக்கும் விலக்குக் கொடுக்காதீர்கள்.

மைதானம்

இங்கே நிதானமாகப் போவோம்.

டெட்ராய்ட் சிட்டி எஃப்சி 2012இல் ஐந்து பேர் தொடங்கிய கிளப். என்பிஎஸ்எல்லில் நான்கு வருடம் காஸ் டெக் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஆடினார்கள். 2014இல் என் மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முரசும் புகையுமாக நார்தர்ன் கார்ட் ரசிகர்கள் நின்றுகொண்டே பாடினார்கள். உட்கார எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆட்டத்தின் ஸ்கோர் இன்று ஞாபகமில்லை, அந்த வேலியோரம் ஞாபகம் இருக்கிறது. அங்கே இடம் போதாமல் ஆனபோது அவர்கள் நட்சத்திர வீரர்களை வாங்கக் கிளம்பவில்லை. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் பாழடைந்து கிடந்த கீவொர்த் மைதானத்தைப் புதுப்பிக்கப் பணம் திரட்டினார்கள். 1936இல் பொருளாதார மந்தக் காலத்துப் பொதுப்பணித் திட்டத்தில் கட்டியது. அதிபர் ரூஸ்வெல்ட்டே வந்து திறந்துவைத்தார். மிச்சிகன் மாநில மக்கள்நிதிச் சட்டத்தின்படி ஊர்க்காரர்களிடமிருந்து 7 லட்சத்து 41 ஆயிரம் டாலர் கடனாகத் திரட்டி, 2016 மே மாதம் அங்கே முதல் ஆட்டம் ஆடினார்கள். 7,000 பேருக்கு மேல் வந்தார்கள். அமெச்சூர் லீகில், நான்காவது நிலையில், ஏழாயிரம் பேர்!

நமக்குக் கீவொர்த் கிடைக்காது. கிடைப்பது பள்ளி மைதானம். அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். அமெரிக்கக் கால்பந்துக்காக, அதாவது ஹெல்மெட் போட்டு ஆடும் அந்த ஆட்டத்துக்காகக் கட்டிய மைதானம் 53 கெஜம் சொச்சம்தான் அகலம். சுற்றி ஓட்டப் பாதை இருந்தால் அதற்கு மேல் எவ்வளவு விரியும் என்பது அந்தப் பாதையின் வளைவைப் பொறுத்தது. விதிப்படி 50 கெஜமே போதும் என்றாலும், அந்த அகலத்தில் கார்னர் எடுப்பவனுக்குப் பின்னால் ஓடிவர இடம் இருக்காது. நாங்கள் பார்த்த ஐந்து மைதானங்களில் இரண்டை இந்தக் காரணத்துக்காகவே விட்டோம்.

டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்லில், நம் கால்பந்துக் கோடுகள் நிரந்தரமாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வேறு நிறத்தில் மெல்லியதாக இருக்கும்; கேலரியிலிருந்து தெரிகிறதா என்று மேலே ஏறி உட்கார்ந்து பாருங்கள். கோல் கம்பங்கள் நகர்த்தும் வகையாக இருந்தால் பின்னால் எடை வைத்தோ நங்கூரம் அடித்தோ கட்டவேண்டும். கவிழும் கோல் கம்பம் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் அதைக் கையால் அசைத்துப் பார்க்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள்.

கழிப்பறை எத்தனை, திறந்திருக்குமா, யார் பூட்டைத் திறப்பார்? சிரிக்காதீர்கள். இரண்டாவது முறை குடும்பத்தோடு வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்வது பெரும்பாலும் அம்மாக்கள்; அவர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் நான் சுட்டுக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். முதல் வருடம் ஒரு பள்ளியோடு ஆறு வீட்டு ஆட்டத்துக்குப் பேசினோம். மாலை ஒன்றுக்கு 450 டாலர், விளக்கும் காவலாளியின் கூடுதல் நேரமும் சேர்த்து. "பள்ளி நிகழ்ச்சிகளுக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன். ஜூன் முதல் வாரம் பட்டமளிப்பு விழா அந்த மைதானத்தில்தான் என்பது பத்து நாளுக்கு முன்புதான் தெரிந்தது. புல்வெளியில் நாற்காலிகள் போட்டாயிற்று. வேறொரு பூங்காவுக்கு ஆட்டத்தை மாற்றினோம். இன்னொன்று தடகளப் போட்டியால் மூன்றாவது இடத்துக்குப் போனது. ஆறு ஆட்டம், மூன்று மைதானம். பழைய மைதானத்தின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் மூன்று குழந்தைகளோடு நின்றுவிட்டுத் திரும்பிய ஒரு தகப்பனார் எனக்கு எழுதிய நாலு வரி மின்னஞ்சலை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால், தேதிகளை ஒப்பந்தத்திலேயே வரிசையாக எழுதச் சொல்லுங்கள். பட்டமளிப்பு விழா எந்த நாள், மழை பெய்தால் அது எந்த நாளுக்குத் தள்ளிப்போகும் என்று கேட்டு வாங்குங்கள். அணைக்கும் நேரத்துக்குப் பிறகு விளக்கு எரிந்தால் மணிக்கு எவ்வளவு? பள்ளியையும் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த காப்பீட்டுச் சான்றிதழை எப்போது கொடுக்கவேண்டும்? மிச்சிகன் ஜூனில் இடி மின்னல் சகஜம். கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மைதானத்தில் கால் வைக்கலாம்; நடுவில் மறுபடி இடித்தால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. ஒரு சனிக்கிழமை இப்படி இரண்டு முறை நின்று, ஆட்டம் முடியும்போது மணி பத்தே கால். விளக்கை அணைக்காமல் காத்திருந்த காவலாளிக்கு அந்த வருடம் முழுக்க நாங்கள் நன்றி சொன்னோம். அடுத்த வருடத்திலிருந்து அவர் மனைவியோடு கேலரிக்கு வருகிறார்.

பள்ளி வளாகத்தில் பீர் விற்க முடியாது என்பது பலருக்குப் பெரிய இழப்பாகத் தெரியும். வருமானத்தில் இழப்புதான். ஆனால் பிள்ளைகளோடு வருபவர்களின் கூட்டத்தை அது எங்களுக்குக் கொடுத்தது. உணவு வண்டிகள் இரண்டை வாகன நிறுத்தத்தில் நிறுத்த அனுமதி வாங்கினோம். ஆட்டத்துக்குப் பிறகு வீரர்களும் ரசிகர்களும் ஒரே உணவகத்தில் கூடுவதென்று வழக்கமாக்கினோம்.

இரண்டாவது சனிக்கிழமை

முதல் ஆட்டத்துக்கு 412 பேர் வந்தார்கள். கட்டைவிரலால் அழுத்தும் எண்ணி ஒன்றைக் கையில் வைத்து நானே எண்ணினேன். வேலையிடத்தில் பழகிய கை. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டாவது ஆட்டத்துக்கு 187. கேட்டில் நின்றவனுக்குத்தான் தெரியும் அந்த மாலையின் அமைதி. ஏழு மணிக்கு ஆட்டம். ஆறே முக்காலுக்குப் பணப்பெட்டியை வைத்துக்கொண்டு வாகன நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லாதீர்கள். விளம்பரதாரரிடமும் ரசிகரிடமும் 187 என்றே சொன்னோம். மூன்றாம் வருடம் அது வளர்ந்தபோது நாங்கள் சொன்னதை யாரும் சந்தேகிக்கவில்லை.

முதல் ஆட்டத்துக்கு வருபவர்கள் புதுமைக்காகவும் நட்புக்காகவும் வருகிறார்கள். அவர்களை மறுபடி வரவைப்பதற்கு நாங்கள் செய்ததில் நிலைத்தவை சில. கேட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்தேன்: பெயர், மின்னஞ்சல், எத்தனை பிள்ளைகள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, அடுத்த ஆட்டம் என்று எங்கே என்பதை மட்டும் எழுதி அனுப்புவேன். இரண்டாம் வருடம் எல்லா வீட்டு ஆட்டமும் ஒரே மைதானம், சனிக்கிழமை, மாலை ஏழு என்று மாற்றாமல் வைத்தோம். அந்த ஒரு முடிவு, அதுவரை கொடுத்த எல்லா விளம்பரத்தையும்விட அதிக ஆட்களைக் கொண்டுவந்தது. டிக்கெட் 7 டாலர், 12 வயதுக்குக் கீழே இலவசம். ஊரிலுள்ள குழந்தைகள் கிளப்புகளை ஆட்டத்துக்கு ஒன்றாக அழைத்தோம். பிள்ளைகள் வீரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடப்பார்கள். ஒரே நாளில் எல்லாக் கிளப்பையும் கூப்பிட்டால் படம் நன்றாக வரும், அடுத்த வாரம் கேலரி காலியாகும்.

ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், வீரர்கள் இருபது நிமிடம் வேலியோரம் நிற்கவேண்டும் என்று கோச்சிடம் கேட்டு வாங்கினேன். குழந்தையின் பெயரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த 19 வயது மிட்ஃபீல்டர் ஜூலையில் போய்விடுவான். குழந்தை போகாது.

ஞாயிற்றுக்கிழமை லீக் ஆடும் மெக்சிகோ, ஹோண்டுராஸ், யேமன் நாட்டுக்காரர்களின் மைதானங்களுக்கும் போனோம். நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது, முழு ஆட்டமும் உட்கார்ந்து பார்க்கவேண்டும். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: "வீரர் தேர்வுக்குக் காசா?" பல கிளப்புகள் தேர்வு முகாமுக்குக் கட்டணம் வாங்குகின்றன. நாங்கள் முதல் வருடம் 40 டாலர் வாங்கினோம். அந்தக் கேள்விக்குப் பிறகு நிறுத்திவிட்டோம். மறு வருடம் அந்த லீகிலிருந்து வந்த 29 வயது எலெக்ட்ரீஷியன் ஒருவர் ஐந்து சீசன் எங்கள் லெஃப்ட் பேக். அவருடைய ஆட்கள் மட்டும் ஒரு வரிசை முழுக்க உட்காருவார்கள்.

சீசன் டிக்கெட் விற்கவேண்டியது மே மாதத்தில் அல்ல. நவம்பர், டிசம்பரில் பரிசுப் பொருளாக விற்கவேண்டும், ஸ்கார்ஃபோடு சேர்த்து. அப்போதுதான் லீக் கட்டணம் கட்டக் கையில் காசு இருக்கும். ஜனவரியில் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் கூடும் பொங்கல் விழாவில் மேசை போட்டு உட்கார்ந்து 31 விற்றேன். "கிரிக்கெட்டா அண்ணே?" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் இன்று டிரம் அடிக்கிறார்கள்.

ரசிகர் குழுவை நீங்கள் உருவாக்க முயலாதீர்கள். அது தானாகச் சேரும். முதல் வருடம் ஒன்பது பேர், ஒரு டிரம். அவர்களுக்குக் கோலுக்குப் பின்னால் ஓர் இடம் ஒதுக்கி, மூன்றே விதிகளைப் பேசி முடித்தோம்: இனத்தையும் பிறப்பையும் இழிவுபடுத்தும் வார்த்தை கூடாது, பொருள் எறியக் கூடாது, புகை வேண்டுமென்றால் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டி அனுமதி. பாட்டு, பதாகை, எங்களை விமர்சிப்பது எல்லாம் அவர்கள் உரிமை. ஜெர்சி நிறத்தை மாற்ற நாங்கள் நினைத்தபோது வேண்டாம் என்று சண்டை போட்டவர்கள் அவர்கள்தான். அவர்கள் சொன்னதே சரி.

வீரர்கள்

கல்லூரி வீரர்களுக்கு ஆடுவதற்காக ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் தகுதி போய்விட்டால் அந்தப் பையனின் உதவித்தொகையும் படிப்பும் ஆட்டம் காணும். பயணம், சாப்பாடு போன்ற ஆட்டத்தோடு சேர்ந்த செலவுகள் வேறு கணக்கு. அதிலும் சந்தேகம் வந்தால் அவனுடைய கல்லூரியின் விதிமுறை அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 2021இலிருந்து தங்கள் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அனுமதித்துப் பணம் வாங்க அவர்களுக்கு வழி உண்டு. ஆடுவதற்குச் சம்பளம் கொடுப்பது அதில் சேராது. வெளிநாட்டு மாணவர்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பார்கள். உங்கள் கோடை முகாமில் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் காசு தருகிறேன் என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்கு விசாச் சிக்கலாகிவிடும்.

வெளியூர்ப் பையன்களைத் தங்கவைக்க வீடுகள் வேண்டும். சீசன் டிக்கெட்காரர்களிடமே கேளுங்கள். பின்னணிச் சரிபார்ப்பு கட்டாயம். எங்கள் வீட்டில் கென்டக்கியிலிருந்து வந்த ஒரு கோல்கீப்பர் பத்து வாரம் இருந்தான். ராத்திரி ஆட்டம் முடிந்து வந்ததும் என் மனைவி தயிர் சாதம் பிசைந்து கொடுப்பாள். முதல் வாரம் முகர்ந்து பார்த்தான், மூன்றாம் வாரம் ஊறுகாயை அவனே எடுத்துவைத்துக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு அவளுக்குத்தான் வாழ்த்து வந்தது, எனக்கு இல்லை.

22 கல்லூரிப் பையன்களை மட்டும் வைத்து அணி கட்டாதீர்கள். உள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆடும் ஐந்தாறு பேரையாவது சேருங்கள். வருடம் மாறினாலும் கேலரிக்குத் தெரிந்த முகங்கள் அவர்கள்தான்.

காசு

வராத காசைச் செலவழிக்காதீர்கள். கேட் வசூல் சுழியம் என்று வைத்துக்கொண்டு, விளம்பரதாரர் பணமும் சீசன் டிக்கெட்டும் மட்டும் வைத்தே லீக் கட்டணம், காப்பீடு, மைதானம், நடுவர்கள், பயணம் ஐந்தும் தேறுகிறதா என்று பாருங்கள். தேறவில்லை என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். நடுவர்களின் பணத்தை ஆட்டத்துக்கு முன்பே உறையில் போட்டுக் கொடுத்துவிடுவேன்; பணத்தோடு முடிவைச் சேர்த்து யாரும் பேச இடமிருக்காது. பெரிய விளம்பரதாரர் ஒருவரைத் தேடி ஒரு குளிர்காலத்தையே வீணாக்கினோம். பிறகு பல் மருத்துவர், டயர் கடை, கூட்டுறவுக் கடன் சங்கம் என்று பதினொரு சிறியவர்கள் மூன்று வருட ஒப்பந்தம் போட்டார்கள். ஒருவர் விலகினால் மற்ற பத்துப் பேர் இருப்பார்கள்.

பங்கு விற்றுப் பணம் திரட்டலாம் என்ற யோசனை இரண்டாம் வருடமே யாராவது ஒருவருக்கு வரும். டென்னசி மாநிலத்துச் சட்டநூகா எஃப்சியைக் காட்டுவார்கள். சரி, அவர்களையே பார்ப்போம். 2009இல் தொடங்கினார்கள். ஃபின்லி மைதானத்தில் வருடாவருடம் கூட்டத்தை வளர்த்தார்கள். 2015இல் என்பிஎஸ்எல் இறுதியாட்டத்துக்கு 18,227 பேர் வந்தார்கள். அன்று நியூயார்க் காஸ்மாஸ் கிளப்பின் பி அணியிடம் தோற்றார்கள். பங்கை 125 டாலருக்குப் பொதுமக்களிடம் விற்றது 2019இல், பத்து வருடம் கழித்து. தொழில்முறை லீகுக்குப் போனது 2020இல். டெட்ராய்ட் சிட்டியும் எட்டு சீசன் அமெச்சூராக ஆடிய பிறகுதான் போனது. முதலில் ஆட்கள் வந்தார்கள், அப்புறம்தான் பங்கு வந்தது. வெர்மான்ட் கிரீன் வேகமாக வளர்ந்த கிளப்: 2022இல் பர்லிங்டன் ஊரிலுள்ள வெர்மான்ட் பல்கலைக்கழக மைதானத்தில் முதல் சீசன், 2025இல் அதே மைதானத்தில் லீக் டூ சாம்பியன். அவர்களும் முதல் நாளிலிருந்து ஒரே இடத்தில்தான் ஆடினார்கள்.

யுஎஸ் ஓப்பன் கப் பற்றிக் கேட்பீர்கள். 1914இலிருந்து நடக்கும் கோப்பை; தகுதிச் சுற்றில் ஜெயித்தால் அமெச்சூர் அணியும் எம்எல்எஸ் அணியோடு ஆடலாம். 2017இல் மேரிலாண்டில் ஒரு மதுக்கடையின் பெயரைத் தாங்கிய கிறிஸ்டோஸ் எஃப்சி, எம்எல்எஸ் அணியான டிசி யுனைட்டெடுக்கு எதிராக முதல் கோலை அடித்தது. கடைசியில் 4-1 என்று தோற்றது. அந்த கோலை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஆனால் தகுதிச் சுற்றுகள் இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடும். உங்கள் கல்லூரிப் பையன்கள் ஒருவரும் அப்போது இருக்கமாட்டார்கள். உள்ளூர் ஆட்கள் பதினைந்து பேர் சேர்ந்த பிறகு விண்ணப்பியுங்கள். நாங்கள் நான்காம் வருடம்தான் போட்டோம்.

2020 வசந்தத்தில் கொரோனாவால் என்பிஎஸ்எல், லீக் டூ, எங்கள் லீக் எல்லாமே சீசனை ரத்துசெய்தன. சீசன் டிக்கெட் வாங்கியிருந்த 260 பேருக்கும் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று எழுதினேன். 19 பேர் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் வேலை இழந்தவர்கள், அன்றே அனுப்பினேன். மற்றவர்கள் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அணி என்று ஒன்று அப்போது இல்லவே இல்லை. ஒரு வீரனின் பெயரைக்கூட நாங்கள் அறிவித்திருக்கவில்லை.

ஜெர்சிகளைத் துவைத்து முடித்த வாரம் ஓய்வெடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். ஆகஸ்ட் நடுவில் பள்ளியில் ஹெல்மெட் ஆட்டக்காரர்களின் பயிற்சி தொடங்கிவிட்டால் விளையாட்டுத் துறை இயக்குநர் உங்களுக்கு நேரம் தரமாட்டார். முதல் வாரமே ஒரு டப்பாவில் ஏதாவது பலகாரத்தோடு போய்ப் பாருங்கள். அடுத்த வருட மே, ஜூன், ஜூலைச் சனிக்கிழமைகளை வரிசையாக எழுதிய தாளை மேசையில் வையுங்கள். பட்டமளிப்பு விழா என்று என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.